டிவி மெக்கானிக் வீட்டு டிவி

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாக டிவி ரிப்பேர் செய்கிறவர். எங்கள் வீட்டில் எட்டு மாதம் டிவி இல்லாமல் இருந்தது. இதைச் சொன்னால் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

பழைய பிளாஸ்மா டிவி ஒன்று இருந்தது. ஓடினால் அடுப்படியில் உட்கார்ந்த மாதிரி சூடு அடிக்கும். மூன்று முறை அதற்கு உயிர் கொடுத்தார். நான்காவது முறை அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. "விடு, புதுசு வாங்கிக்கலாம்" என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி.

மற்றவர்கள் கடைக்குப் போனால் படத்தைப் பார்ப்பார்கள். இவர் நோயைப் பார்ப்பார். எல்இடி என்றால், "பின்னாடி இருக்கிற லைட் பட்டை மூணு வருஷத்துல போயிடும். வாரத்துக்கு நாலு மாத்துறேன், எனக்குத் தெரியாதா?" என்பார். ஓஎல்இடி என்றால், "ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுது, கறுப்பு கறுப்பாவே தெரியும், ஒத்துக்கறேன். ஆனா ஒரே சேனலை நாள் பூரா போட்டா, அந்தச் சின்னம் மூலையில தழும்பா நின்னுடும்." கியூஎல்இடி என்று நான் வாயெடுப்பதற்குள், "அதுவும் பழைய எல்சிடிதான். நடுவுல ஒரு கலர் தாளைச் சொருகிப் புதுப் பேரு வெச்சிருக்கான்!"

பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் குறை சொல்லிக்கொண்டே திரும்பும் மாப்பிள்ளைக்கு எந்தக் காலத்தில் கல்யாணம் நடக்கும்? கடைகடையாக ஏறினோம். அங்கே போய் டிவியின் பக்கவாட்டில் தலையைச் சாய்த்து நிற்பார், பின்பக்கம் தடவிப் பார்ப்பார், கேட்காதவர்களுக்கும் பாடம் எடுப்பார். கடைசியில் இவருக்கு வேலை கொடுக்கும் கடைக்காரரே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணி, தயவுசெஞ்சு இவரைக் கூட்டிட்டுப் போங்க. இவர் பேசறதைக் கேட்டு ரெண்டு கஸ்டமர் ஓடிட்டாங்க."

எனக்கென்ன, டிவி இல்லாமல் செத்தா போய்விட்டேன் என்று நானும் விட்டுவிட்டேன். அப்போதுதான் மகள் போன் செய்தாள். வெளியூரில் விடுதியில் தங்கி டேபிள் டென்னிஸ் பயிற்சி எடுக்கிறவள். ஒரு பெரிய போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாளாம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நேரடி ஒளிபரப்பாம். "அம்மா, முதல் தடவையா டிவில வரப்போறேன். அப்பாவைக் கண்டிப்பா பார்க்கச் சொல்லு."

ஆறு வருடம் விடியற்காலையில் அவளை வண்டியில் வைத்துப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டவர் இவர்தான். அவள் அப்பாவைச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. போனில் பார்க்கலாமே என்பீர்கள். உள்ளங்கை அளவுத் திரையில் அந்தப் பந்து கடுகு அளவுதான் தெரியும். அதிலும் ஓடுகிற கடுகு!

பதினொரு நாள் இருந்தது. சனிக்கிழமை வரை மதில் மேல் பூனையாகவே உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு நாலு மணிக்கு இந்தச் செவுத்துல டிவி இல்லைன்னா, நான் பக்கத்து வீட்டுல போய் உட்கார்ந்து பார்ப்பேன். நீங்க உங்க ஸ்குரூடிரைவரைப் பார்த்துட்டு இருங்க" என்று கத்தினேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு வாசலில் கடை வேன் நின்றது. இறங்கியது ஒரு டிவி அல்ல, இரண்டு. ஒன்று எல்இடி, இன்னொன்று ஓஎல்இடி.

"பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாதான் தெரியும். நாளைக்கு ஒண்ணைத் திருப்பிக் குடுத்தா போதும்னு கடைக்காரர் சொல்லிட்டாரு" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் மேஜை மேல் இரண்டையும் நிறுத்தி, ஒரே கேபிள் பெட்டியிலிருந்து இரண்டுக்கும் ஒயர் இழுத்து, சரியாக நாலு மணிக்குப் படம் வரவைத்துவிட்டார். இரண்டு திரையிலும் என் மகள் சிவப்புச் சட்டையில் நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இவர் உட்காரவே இல்லை. ஜன்னல் திரையை இழுத்தார், விலக்கினார். இடதுபக்கம் குனிந்தார், வலதுபக்கம் நிமிர்ந்தார். "இதுல பாரு, பந்துக்குப் பின்னாடி வால் மாதிரி இழுக்குது! அதுல வாலே இல்லை!"

"அவளைப் பாருங்க!"

"பார்த்துட்டுத்தானே இருக்கேன்!"

கடைசி ஆட்டம் வரை இழுத்து, இரண்டே புள்ளியில் தோற்றாள். எதிராளிக்குக் கைகொடுத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாழாய்ப்போன கேமரா அவளை விட்டு நகரவே இல்லை. அந்த நேரம் இவர் எல்இடியின் முதுகில் கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிவு பண்ணிட்டேன்" என்று நிமிர்ந்தார். "ஓஎல்இடிதான்."

எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முடிவு. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்டா கண்ணு. ஒரு பந்து விடலை." பொய் சொல்லவில்லை, பாவம். அப்படித்தான் அவர் நம்பினார்.

மகள் மெல்லக் கேட்டாள். "நான் அழுதது டிவில தெரிஞ்சுதாப்பா?"

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அழுதாளா?"

"ரெண்டு டிவிலயும் அழுதா" என்றேன்.