ரப்பர்ப் பால் பூசிய இணைப்பு

இலங்கையில், ருவான்வெல்லைக்கு மேலே உள்ள ரப்பர்த் தோட்டமொன்றில் அழகமுத்து பத்தொன்பது ஆண்டுகள் கெப் ஓட்டினார். பின்புறம் திறந்த தட்டுள்ள பழைய டீசல் வண்டி அது. காலையில் மலையிலிருந்து ரப்பர்ப் பாலைத் தொழிற்சாலைக்கு இறக்குவதற்கும், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் யாருக்கேனும் உடம்புக்கு முடியாமற்போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுவதற்கும் தோட்டத்தில் வேறு வண்டி இல்லை. பெப்ரவரி பதினான்காம் திகதி அவருடைய மனைவி பிரேமலதாவுக்கு நெஞ்சுவலி வந்தபோதும் அதில்தான் ஏற்றிக்கொண்டு போனார். தொலைபேசிக்குச் சிக்னல் எட்டாத ஒரு மேட்டு வளைவில் எஞ்சின் அணைந்தது. இருபத்திரண்டு நிமிடம் கழித்து, எதுவுமே நடவாததுபோல சாவியின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது பிரேமலதாவுக்கு மூச்சு இல்லை.

வண்டிக்கு அந்தக் கோளாறு புதியதல்ல. இரண்டு ஆண்டுகளாக வருவதும் போவதுமாக இருந்தது. கடைவீதியில் வாகன மின்வேலை செய்யும் ஜமால்தீன் பெட்டரி முனைகளை மாற்றினார். சாவித் துவாரத்தை மாற்றினார். பியூஸ் பெட்டியைக் கழற்றிக் கழுவினார். அவர் கைவைக்கும்போது வண்டி ஒருநாளும் நிற்கவில்லை.

"இது கள்ள வருத்தம், முத்து. எண்ட கடை வாசலுக்கு வந்தா மட்டும் நல்லாயிரும்" என்று அவர் சிரிப்பார்.

வயர்த் தொகுதி முழுவதையும் மாற்றித் தரும்படி அழகமுத்து தோட்ட அலுவலகத்துக்கு நான்கு முறை எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் மகள் சுதர்ஷினி, தாய் இறந்த பிறகு, அந்த நான்கு கடிதங்களையும் வைத்தே கம்பனித் தலைமைக்குச் சிங்களத்தில் ஒரு முறைப்பாடு எழுதினாள். பழுதென்று தெரிந்தும் திருத்தாத வண்டியே தன் தாயின் உயிரைப் பறித்தது என்பது அதன் சாரம். திங்கட்கிழமை அதை அலுவலகத்தில் ஒப்படைப்பதாக இருந்தாள். அதே திங்கட்கிழமை வண்டியைப் பழைய இரும்புக்காரன் இழுத்துக்கொண்டு போவதாகவும் ஏற்பாடு. அதற்குப் பிறகு அது ஏன் நின்றதென்று எவருக்கும் தெரியப்போவதில்லை. அழகமுத்துவுக்கு மிஞ்சியிருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வண்டி நின்ற ஒவ்வொரு முறையையும் அவர் கொப்பியொன்றில் குறித்திருந்தார். மொத்தம் பதினொன்று. மழையா, வெயிலா, பாரமா, வெறுமையா என்று பார்த்ததில் எதுவும் ஒத்துவரவில்லை. அன்று காலை, புறப்பட்ட நேரத்தையும் நின்ற நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தார். பதினொரு முறையும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓடிய பிறகுதான் நின்றிருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும்.

பானட்டைத் திறந்துவைத்து, டீசல் பம்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரின் முனையில் ஒரு சிறிய சோதனை பல்பைக் கட்டி, எஞ்சினை ஓடவிட்டு அருகில் குந்திக்கொண்டார். நாற்பதாவது நிமிடம் பல்பு இமைத்தது, பின் அணைந்தது, எஞ்சினும் நின்றது. சாவிப் பக்கத்தில் பல்பை வைத்துப் பார்த்தார், எரிந்தது. பம்புப் பக்கத்தில் எரியவில்லை. இரண்டுக்கும் நடுவே வயரை விரலால் தடவிக்கொண்டு வந்தார். புகைக்குழாய்க்கு மேலே, பழுப்பேறிய ரப்பர்க் கட்டியொன்று தட்டுப்பட்டது.

அதை அவருக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எலி கடித்த வயரை முறுக்கிக் கட்டி, டேப் இல்லாததால் வண்டித் தட்டிலிருந்த பீப்பாயில் விரலை விட்டு ரப்பர்ப் பாலைத் தொட்டுப் பூசியவர் அவரே. கிழிந்த சப்பாத்துக்கும் ஒழுகும் குழாய்க்கும் தோட்டத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் அது பால் உறையாமலிருக்க அமோனியா கலந்த பீப்பாய். அமோனியா செம்பை அரிக்கும்.

கத்தியால் கட்டியைக் கீறினார். உள்ளே செம்புக் கம்பிகள் நீலம் பூத்து உதிர்ந்தன. புகைக்குழாயின் சூட்டில் அவை ஒன்றையொன்று விட்டு விலகி, ஆறியதும் மறுபடி தொட்டுக்கொண்டிருந்தன. இழுத்துப் பார்த்தபோதெல்லாம் உறுதியாகத் தோன்றியது கம்பியல்ல, மேலே இருந்த ரப்பர்தான். அந்த வளைவிலும் அவர் அதை இழுத்துப் பார்த்துவிட்டு, இது சரி என்று அடுத்த வயருக்குப் போயிருந்தார்.

அறுத்தெடுத்த துண்டை மேசையில் வைத்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"எல்லாரும் அப்படித்தானேப்பா ஒட்டுறாங்க."

"ஒட்டுறாங்க. ஒங்கம்மா போன வண்டில ஒட்டுனது நான்."

"நாலு தடவ எழுதிக் குடுத்தீங்களே. அவங்க செஞ்சாங்களா?"

"வயருக்கு எழுதினேன். டேப்பு கேக்கல. பால் இருக்குதானேன்னு கேக்கல."

அவள் கடிதத்தை விரித்தாள், பேனாவை எடுத்தாள், எழுதவில்லை. பிறகு, அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அந்த இருவத்திரண்டு நிமிஷமும் அம்மா பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்லம்மா. ரெண்டு தடவ கூப்புட்டா. இரு, வாறேன்னேன். பானட்டுக்குள்ளதான் நின்னேன்."

சுதர்ஷினி எழுந்து பின்பக்கம் போனாள். நீர்க்குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

அழகமுத்துவுக்குச் சிங்களம் பேசவரும், எழுத வராது. கடிதத்தில் மகளின் கையெழுத்துக்குக் கீழே, தமிழில், எந்த வயர், எந்த மாதம், எதைக்கொண்டு யார் ஒட்டியது என்று நான்கு வரி எழுதி ஒப்பமிட்டார். அவள் திரும்பி வந்து வாசித்தாள்.

"இதக் குடுத்தா வேல போயிரும்ப்பா."

"தெரியும். நீ எழுதுனதும் உண்மதான். ரெண்டும் போகட்டும்."

திங்கட்கிழமை காலை அவள் கடிதத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டாள். அவர் கதவருகே நின்றார். போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் அவள் படியிறங்கியது அன்றுதான் முதல் முறை.