பஞ்சர் ஆகாத பஸ்ஸும் என் தலையாரி வேலையும்

சாமுவேலே, ரூத்தே, என் கண்ணுகளே, அப்பா எப்படித் தலையாரி ஆனார் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அவள் சொன்னால் என் மானம் போய்விடும். அதனால் நானே எழுதுகிறேன். சபையில் வாசித்தாலும் சரி, இது தேவன் செய்த காரியம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. சாமு, நீ ஒன்றாம் வகுப்பு. ரூத், நீ அம்மா வயிற்றில். ஒரகடம் பக்கம் ஒவ்வொரு நிலமாகக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு கம்பெனி கேட்டில் கான்ட்ராக்ட் வாட்ச்மேன். கான்ட்ராக்ட் முடிந்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த நேரம் நம் ஊர் கிராம உதவியாளர் இடம், அதாவது தலையாரி வேலை, காலியானது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சீனியாரிட்டிப்படி என் பெயர்தான் முன்னால். ஆனால் வருகிற டிசம்பரோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் அரசாங்க வேலை எனக்கு இனி இல்லை.

கடிதம் வரும், வரும் என்று காத்திருந்தேன். ஒருநாள் டீக்கடையில் சொன்னார்கள், தனசேகரைப் போட்டாச்சாம். அறிவிப்பு இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டியல் கேட்கவில்லை. நேர்காணல் இல்லை. தனசேகருடைய மாமா, அவன் அக்கா புருஷன், கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர். அவர் கை நீளம். இதில் வேடிக்கை, தனசேகர் ஏற்கெனவே இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்டுக்குப் போகிறவன். தலையாரி ஆன பிறகும் போய்க்கொண்டிருந்தான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆண்டவரே, என்னை மறந்தீரோ என்று அழுதேன்.

பாஸ்டர் ஐயா ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பினார். நம் சபைப் பெண்தான். அவர் ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டார். அன்றிலிருந்து நான் ஜெபத்தில் கேஸ் நம்பரையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஏங்க, அவுரு இன்னா நம்பர மறந்துடுவாரா?" என்றாள் அம்மா.

"அங்க எவ்ளோ கேஸ் கீது தெரியுமா? கட்டு மாறிடக் கூடாதில்ல?"

கோர்ட்டில் எங்கள் கேஸ் வந்ததும் கண்ணை மூடினேன். ஆமென் சொல்லித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. மேலதிகாரி ஒருவர் இரண்டு தரப்பையும் நேரில் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

வக்கீலம்மா சொன்னார். "அண்ணே, தனசேகருக்கு வேற வேலையே இல்ல, ஊர்லயேதான் இருக்காருன்னு தாலுகா ஆபீஸ்ல பதில் குடுத்திருக்காங்க. கம்பெனிக்குப் போறாருன்னு சொல்ல ஒரு சாட்சி கூட்டிட்டு வாங்க."

ஊரில் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் கான்ட்ராக்டர் வேலைக்குச் சேர்த்துவிட்ட ஒரு பிள்ளை இருந்தான். டீக்கடைக்காரர் வெளிப்படையாகவே சொன்னார். "டெய்லி பாக்குறேன் அண்ணாத்தே. எங்கிட்ட டீ குட்ச்சிட்டுதான் பஸ் ஏர்றான். ஆனா நான் பாக்கல."

விசாரணை நாள் காலை. ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அலுவலகம். அந்த வாரம் தனசேகருக்கு நைட் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில்தான் நேராக வந்து இறங்குவான் என்று எனக்குத் தெரியும். முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, சாட்சி கேட்டேன், நீர் தரவில்லை. போகட்டும். அவன் வராமலாவது போகட்டும். அந்த பஸ்ஸைப் பஞ்சர் ஆக்கும். முன் டயர் வேண்டாம், ஆட்களுக்கு அடிபடும். பின் டயர் போதும்."

பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த அம்மா, கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "ஸ்டெப்னியையும் சேத்து சொல்லுங்க. மாத்திக்கினு வந்துடப் போறான்."

சேர்த்துச் சொன்னேன்.

பஸ் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஜன்னலில் சாய்ந்து தூங்கிய கோடு கன்னத்தில் தெரிய, தனசேகர் எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மாமா. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் அவன் உடுப்பைக் கவனித்தேன். நீலச் சட்டை, மார்பில் கம்பெனி பெயர், கழுத்தில் போட்டோ போட்ட அட்டை, காலில் இரும்பு வைத்த பூட்ஸ். யூனிஃபார்ம் இல்லாதவனைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். மாற்றுச் சட்டை எடுத்து வர அவனுக்குத் தோன்றவில்லை. பாதி ஊர் அந்த உடுப்பில்தானே திரிகிறது, மாமாவுக்கும் அது கண்ணில் படவில்லை.

அதிகாரி அம்மா பூட்ஸிலிருந்து தலைவரை நிதானமாகப் பார்த்தார். "வேலைக்கெல்லாம் ஒழுங்கா போறீங்களா தம்பி?"

தனசேகர் எழுந்து நின்றான். "ஒரு நாள் கூட லீவு போடல மேடம். இந்த மாசம் எங்க லைன்ல நான்தான் பெஸ்ட் அட்டெண்டன்ஸ். இப்பக்கூட நைட் ஷிப்ட் முட்ச்சிக்கினு நேரா வரேன்."

"டேய், வாய மூட்றா!" என்றார் மாமா.

"இன்னா மாமா, நல்லதுதான சொல்றேன்?"

அதிகாரி அம்மாவின் முகம் மாறவில்லை. "அப்போ கிராமத்த யாரு பாத்துக்கறா?"

"அது எங்க மேடம் போவப் போவுது? அங்கதான கீது!"

வக்கீலம்மா ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் கண்ணைத் திறந்தபடியே ஸ்தோத்திரம் சொன்னேன்.

நியமனம் ரத்தானது. முறைப்படி பட்டியல் கேட்டு, நேர்காணல் வைத்தார்கள். நவம்பரில் நான் வேலையில் சேர்ந்தேன். ரூத், உன்னை முதன்முதலில் கையில் வாங்கியபோது அப்பா தலையாரி. தனசேகருக்கும் குறை இல்லை. கம்பெனியில் நிரந்தரம் ஆக்கினார்கள். "நல்ல வேளை கேஸ் போட்ட அண்ணே, ரெண்டு வேலைக்கும் சேத்துத் தூங்க முடியல" என்று அவனே சொன்னான்.

பிள்ளைகளே, நான் கேட்டபடி பஸ் பஞ்சர் ஆகியிருந்தால் எனக்குச் சாட்சி ஏது? நான் ஊரெல்லாம் தேடின சாட்சியை அவர் டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் ஏற்றி, யூனிஃபார்மும் போட்டு அனுப்பினார். அன்றிலிருந்து ஜெபத்தில் அவருக்கு வழி சொல்லிக்கொடுப்பதை விட்டேன். உங்களுக்கும் நெருக்கம் வரும். பயப்படாமல் கேளுங்கள். எந்த டயர் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று, உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. வேலை உத்தரவு கைக்கு வந்த அன்று மாலை, கம்பெனி பஸ் திரும்பும் முனைக்குத் தனியாகப் போனேன். கட்டட லாரிகளிலிருந்து விழுந்த ஆணியும் கம்பித் துண்டும் மண்ணில் கிடந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டேன். பின் சக்கரம் ஏறும் பக்கத்தில் ஒன்றும் மிச்சமில்லையே என்று இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடந்தேன்.