நசுங்கிய டின்

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்த தம்பி, முதலில் கேட்டது அவனுடைய வாத்தியத்தைத்தான். எண்ணெய் டின், வேப்பங்கட்டை, பிரேக் கம்பியிலிருந்து உருவிய மூன்று இழைகள். அவனே செய்தது.

பெண்ணாடம் ரோட்டில் கரும்பு டிராக்டர் மீது தம்பி ஓட்டிய பைக் மோதியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த அவன் சிநேகிதன் அதை மடியில் வைத்திருந்தான். சிநேகிதன் அங்கேயே இறந்துபோனான். தம்பிக்குத் தலையில் அடி. அந்த நாளே ஞாபகத்தில் இல்லை. இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றார் டாக்டர். லீவில் வந்திருந்த சிநேகிதன் சவுதி வேலைக்குத் திரும்பிவிட்டான் என்று அம்மா சொல்லிவைத்தாள். போன்கூடப் பண்ணாமலா போனான் என்று தம்பி தினமும் கேட்டான்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பைக்கோடு சேர்த்து வாத்தியத் துண்டுகளையும் அப்பா சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எரித்துவிடு என்றாள் அம்மா. கையில் கொடுத்தால் கேள்வி குறையும் என்று நான்தான் நினைத்தேன். டின்னின் ஓரத்தில் காய்ந்திருந்த கறையைத் தேய்த்துக் கழுவினேன். பிளந்த கட்டையைப் பசை போட்டுச் செம்புக் கம்பியால் சுற்றினேன். கம்பிகளைத் தாங்கும் துண்டு தூளாகியிருந்தது. நான் வேலை செய்யும் செராமிக் கம்பெனியில் கழித்துப்போட்ட பீங்கான் ஃபியூஸ் ஒன்றை அந்த இடத்தில் பொருத்தினேன். இழைகளை அதே பைக்கிலிருந்து எடுத்தேன். டின்னை நிமிர்த்தச் சுத்தியலால் தட்டினால் வீட்டுக்குள் தம்பியின் பேச்சு நின்றுவிடும். நானும் நிறுத்துவேன். "ஏன்க்கா நிறுத்திட்ட?" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தேன். ஒரு கம்பியைத் தட்டினான். கட்டைக்குரலில் ஏதோ வந்தது. நிமிராத நசுங்கலை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"வண்டி ஓட்டும்போது இத எப்படிக்கா புடிச்சிருப்பேன்?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கேரியரில் கட்டியிருந்தாய் என்று சொல்லியிருக்கலாம்.

"நீ புடிக்கலடா. அவன் புடிச்சிருந்தான்."

"அவன் சவுதியில இல்லியா?"

"இல்ல."

அழவில்லை. சட்டையைக் கேட்டான். பஸ்ஸில் மங்கலம்பேட்டைக்கு, சிநேகிதன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்த சிநேகிதனின் அம்மா, தம்பியின் தலையிலிருந்த பேண்டேஜையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"கடைசியா என்னா சொன்னான்னு உங்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன்," என்றார்.

தனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை என்றான் தம்பி. இப்போது வாரம் தவறாமல் அங்கே போகிறான். போய்விட்டு வரும்போதெல்லாம் அன்றைக்கு நடந்ததில் ஒரு துணுக்கு கூடுதலாக ஞாபகம் வருகிறது என்கிறான். நேற்று, டிராக்டரின் பின்விளக்கு எரியவில்லை என்றான். அதற்கடுத்து என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.