வெள்ளத்துக்கு ஒத்திகை

நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பவர்கள் உண்டு. வெள்ளத்துக்கு ஒத்திகை பார்த்த ஒரே ஆளுக்கு நான் வாழ்க்கைப்பட்டேன். மலாயாவுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மலாக்கா டவுன் காஜா பேராங்கில், சாலையைவிடப் பள்ளத்தில் இருந்த ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். அவர் டவுன் கால்வாய்களைத் துப்புரவு செய்கிற ஆட்களுக்கு மண்டோர். பத்துப் பேரை மேய்க்கிற வேலை. எந்தக் கால்வாய் எங்கே அடைக்கும், எந்த மழைக்கு எந்த முக்கு முழுகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் கல்யாண நாள்தான் நினைவில் நிற்காது.

"மழ மட்டும் பேஞ்சா பரவால்ல. கடலும் அதே நேரத்துல ஏறிச்சுன்னா ஆத்துத் தண்ணிக்குப் போக்கிடம் கிடையாது. திரும்பி நம்ம வீட்டுக்குத்தான் வரும்" என்பார், சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏதோ சொந்தக்காரர் வரப்போவதைச் சொல்வது போல. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்த உடம்பு, எதையும் நம்பாது. பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் அரிசி, உப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி, கயிறு எல்லாம் போட்டுப் பரணில் வைத்திருந்தார். வெள்ளம் வருமுன் அணை போடு என்றார்கள் பெரியவர்கள். இவர் அணையையும் போட்டுவிட்டு, வெள்ளம் இன்னும் வரக்காணோமே என்று வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற ரகம்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு எட்டு மாதம். இது இரண்டாவது. தலைப்பிரசவத்துக்கு எஸ்டேட்டில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தேன். ஆசை ஆசையாக ஆறு சின்னச் சட்டை தைத்தேன். தொட்டில் கயிறுகூட வாங்கி வைத்தேன். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. பிறக்கும் முன்னே பிள்ளைக்குத் துணிமணி சேர்க்கக்கூடாது என்பது நம்மவர் வழக்கம். அதை மீறியதால்தான் இப்படி ஆயிற்று என்று லயத்தில் நாலு பேர் சொன்னார்கள். நானும் நம்பினேன். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

அதனால்தான், ஒருநாள் மாலை அவர் தன் பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்து, மடித்து டின்னுக்குள் வைப்பதைக் கண்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"இது யாருக்கு?"

"வெள்ளத்துல பொறந்துட்டா என்னா செய்வ? ஈரத்துணியிலயா சுத்துவ?"

"ஒங்க கரிநாக்கக் கொஞ்சம் அடக்குங்க. துணி சேத்து வச்ச வீட்ல புள்ள தங்காது. ஒரு தடவ பட்டது பத்தாதா?"

துண்டுகளை அள்ளி வாசல் சேற்றில் எறிந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு எங்கோ போனார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டார். சண்டை போட்டாலும் அவருக்குப் பசி நேரத்துக்கு வந்துவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். மாரியம்மனுக்கு எங்களைவிடக் கறாராக விரதம் இருப்பார், ஆனால் தமிழ் வராது. வீட்டில் பேசுவது மலாய்தான். என் அரைகுறை மலாயும் அவருடைய அரைக்கால் தமிழும் ஊர்வம்பு பேசத் தாராளமாகப் போதும். அவர் வீடு ஐந்து படி உயரத்தில் இருந்தது. வெள்ளம் வந்தால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் அங்கேதான் ஏற வேண்டும் என்று என் வீட்டுக்காரர் தீர்மானித்தார். அக்காவும் சரியென்றார்.

கோயில் மணியை விடாமல் அடித்தால் வெள்ளம் என்று முடிவாயிற்று. வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தார். அது மார்கழி மாதம் என்பதை மட்டும் மறந்துவிட்டார். மார்கழியில் கோயில் மணி விடாமல் அடித்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான், பொங்கல் கொடுக்கிறார்கள். அத்தனை பேரும் தூக்குச்சட்டியும் கிண்ணமுமாக ஓடி வந்தார்கள். கயிறு கொண்டுவர வேண்டிய ஆள் வாழையிலையோடு வந்து நின்றார். வீட்டுக்காரர் குதிக்கப் போகிறார் என்று நான் பயந்தேன். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"எவ்ளோ சீக்கிரம் வந்துட்டாங்க பாத்தியா! தகரத்தத் தட்டியிருந்தா ஒரு ஆள் வந்திருப்பானா? மணிதான் சரி."

அடுத்து, பிள்ளைத்தாய்ச்சியை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பழக வேண்டுமாம். நான் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டேன். எனக்குப் பதிலாக அக்காவின் புருஷன் உட்கார்ந்தார். தச்சுவேலை செய்பவர், கனத்த சரீரம். நாலு பேர் மூச்சு வாங்க ஐந்து படியும் ஏற்றினார்கள். மேலே போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் முனகிய முனகலில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல், இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மூன்று தடவை தூக்க வைத்தார்.

மார்கழிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையிலேயே அவர் ஆட்களோடு ஆற்றோரம் அடைப்பெடுக்கப் போய்விட்டார். மதியம் எனக்கு இடுப்புவலி கண்டது. நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், தண்ணீர் நிலைப்படியைத் தொட்டுவிட்டது. "ஆயேர் நாயேக்! ஆயேர் நாயேக்!" என்று தண்ணீர் ஏறுவதை அக்கா ஊருக்கெல்லாம் கூவிக்கொண்டிருந்தார். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

இந்தத் தடவையும் இரண்டு பேர் தூக்குச்சட்டியோடுதான் வந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆனால் என்ன செய்வது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நாற்காலி வந்தது. அதே நாலு பேர் தூக்கினார்கள். "தச்சருக்கு இது எவ்வளவோ லேசுலா" என்று ஒருவர் சொன்னதும் வலியோடு எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தச்சர் மருத்துவச்சியை அழைத்துவர ஓடி, தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறுமுன் கூட்டியும் வந்துவிட்டார். வழி யார் வீட்டுப் பின்புறமாகப் போக வேண்டும் என்பதுவரை என் வீட்டுக்காரர் சொல்லிவைத்திருந்தார்.

இப்போதெல்லாம் பேரிடர் ஆயத்தம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்கள், பட்டியல் போட்டுத் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர் பார்த்துப் பார்த்து நிரப்பிய பிஸ்கட் டின் அன்று பரணிலேயே கிடந்தது. ஒருவருக்கும் அதன் ஞாபகம் வரவில்லை. எங்களைக் கரை சேர்த்தது, கேலி பண்ணிக்கொண்டே நாலு பேர் பழகிய பழக்கம். இவ்வளவு நாளும் அந்த மனுஷனைக் கிறுக்கர் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் பிறந்தாள். கைக்குள் அடங்குகிற உடம்பு. பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். குளிரில் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. காய்ந்த துணி கேட்டாள் மருத்துவச்சி. என் புடவை, பாய், போர்வை எல்லாம் ஈரம். சேற்றில் எறிந்த என் கையை அப்போதே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அக்கா தன் மரப்பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலம் எடுத்தார். உள்ளே வேட்டித் துண்டுகள். மறுபடி வெளுத்து, மறுபடி மடித்தவை. என் வீட்டில் வைத்தால்தானே ஆகாது, பக்கத்து வீட்டில் வைத்தால் எந்தச் சாமி கேட்கப்போகிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாராம் என் வீட்டுக்காரர். அக்கா மலாயில் அதைச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை பொங்கியது. வழக்கத்தையும் மீறவில்லை, தன் பிடிவாதத்தையும் விடவில்லை. அந்த மனுஷன்மேல் அன்று எனக்கு வந்த பிரியத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் உணர்ந்ததில்லை.

மூன்று சுற்றுத் துணிக்குள் பிள்ளை சூடேறித் தூங்கிவிட்டாள். கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். மருத்துவச்சி அவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். வாயாடிக் கூட்டம் அத்தனையும் கப்சிப்.

அப்போதுதான் அவர் வந்தார். நான் படுத்திருந்த அறை ஜன்னல் வாசலைப் பார்த்தது. தொடையளவுத் தண்ணீரில் வந்து படியில் ஒரு காலை வைத்தார். மேலே நின்ற தச்சர், சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். அவர் அப்படியே நின்றுவிட்டார். ஏறவும் இல்லை, கேட்கவும் இல்லை.

ஏன் நிற்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. எஸ்டேட்டில் தலைப்பிரசவத்தன்றும் வாசலில்தான் நின்றார். வீடு நிறைய ஆள் இருந்தும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

கூப்பிட்டுச் சொல்ல எனக்குக் குரல் எழும்பவில்லை. துணியை விலக்கி, பிள்ளையின் உள்ளங்காலைக் கிள்ளினேன். சிணுங்கினாள். அது அவருக்குக் கேட்டிருக்காது, அவர் அசையவில்லை. இன்னும் அழுத்திக் கிள்ளினேன். வீறிட்டு அழுதாள். அதற்கப்புறம்தான் அவர் அடுத்த படியில் கால் வைத்தார்.