மேற்கே பார்த்த வாசல்

ஆஸ்பத்திரி அட்டையொன்றின் பின்பக்கத்தில் நான் பென்சிலால் வரைந்த ஓர் ஊர்ப் படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நடுவில் மாதா கோயில், சுற்றி ஓடை, ஆலை, நெட்டுக்கல். அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூன் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு ஆளாக இருந்தேன். காரைக்காலில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொஞ்சம் பிரெஞ்சு மட்டும் வாயில் ஒட்டியிருந்தது. அதனால் அலோன் கப்பல் துறையில் சரக்கு மூட்டை விழுந்து காலும் வலக்கையும் ஒடிந்த கப்பல்காரரை என் தலையில் கட்டினார்கள். பிரான்சின் மேற்கோரம், பிரித்தானி அவர் நாடு. வீட்டில் பேசுவது வேறு பாஷை. பிரெஞ்சு அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. ஆகவே எங்கள் பேச்சு நன்றாக ஓடியது.

அவர் கப்பல் போய்விட்டது, காகிதங்களும் அதோடு போய்விட்டன. அவரை ஊருக்கு அனுப்பச் சொல்லி பிரெஞ்சு ஆபீசுக்குப் போனேன். அங்கே குமாஸ்தா புதுச்சேரிக்காரர்.

"பிரெஞ்சுக்காரன்னு சொல்லிட்டு ஓசிச் சீட்டுக்கு வர்றவன் எத்தனை பேர் தெரியுமாய்யா? அவன் சொல்ற ஊரோட வரைபடம் எங்ககிட்ட இருக்கு. ஊரைப் படமாப் போட்டு அனுப்பச் சொல்லு. ஒத்துப்போனா சீட்டு. இல்லேன்னா அநாதை விடுதிதான்."

கப்பல்காரர் கை கட்டுக்குள் கிடந்ததால் நான்தான் வரைந்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கோயில் வாசலில் வெளியே பார்த்து நில். இடக்கைப் பக்கம் ஓடை, அது வளையும் இடத்தில் மாவு ஆலை. வலக்கைப் பக்கம் மேட்டில் மூன்று ஆள் உயர நெட்டுக்கல். யார் நட்டது என்று பாதிரியாருக்கும் தெரியாது. கோயிலுக்குப் பின்னால் ஊற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சட்டையை அதில் நனைப்பார்கள். வாசலுக்கு எதிரே புதுக் கல், ஜெர்மன் சண்டையில் செத்தவர்கள் பெயர் வெட்டியது. "மூன்றாவது பெயர் என் தம்பி" என்றார்.

நான் கவலைக்காரன். ஒவ்வொரு கோட்டையும் நாலு தரம் அழித்துப் போட்டேன். "உன் மாமியார் ஊரா அது?" என்று வார்டுச் சயாமா, எங்கள் தலைமை நர்ஸ், பர்மியத்தில் கேலி செய்தார். குமாஸ்தா குழம்பக் கூடாதே என்று ஓரங்களில் திசைகளையும் எழுதிவைத்தேன். அங்கேதான் வினை. படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் குமாஸ்தா அதை வரைபடத்தோடு ஒப்பிட்டார்.

"ஓடை தெற்கேய்யா. உன் ஆள் வடக்கே விட்டிருக்கான். கல்லு வடக்கே இருக்கு, இவன் தெற்கே நட்டிருக்கான்! பொறந்த ஊர்ல ஓடை எந்தப் பக்கம்னு தெரியாதவன் உண்டா? புளுகன். நாளைக்கு இல்லேன்னு எழுதிடறேன்."

வெளியே வந்தேன். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அப்படியானால் நான்தான் எதையோ கெடுத்திருக்கிறேன். தெருமுனை மாதா கோயிலைத் தாண்டும்போது சாயங்கால வெயில் அதன் வாசற்கதவில் முழுக்க விழுந்திருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். மாதா கோயிலுக்கு வாசல் மேற்கே!

எங்களுக்குக் கோயில் என்றால் வாசல் கிழக்கே. அவர் வாசல் என்றதும், கேட்காமலே அங்கே கிழக்கு என்று எழுதிவிட்டேன். அவர் வாயிலிருந்து ஒரு திசையும் வரவில்லை, இடக்கை வலக்கைதான்.

ஓடினேன். குமாஸ்தா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, படத்தைத் தலைகீழாத் திருப்புங்க! திசை நான் எழுதினது. தப்பு என்னுது!"

"உனக்குத்தான்யா தலை திரும்பிடுச்சு" என்றபடியே திறந்தார். திருப்பி வைத்தார். ஓடை தெற்கே போய்ச் சேர்ந்தது. நெட்டுக்கல் வடக்கே ஏறியது. அவர் விரல் வரைபடத்தில் நகர்ந்து நகர்ந்து நின்றது.

"அட, ஊற்றுகூட இருக்குய்யா! ஆனா இந்தப் பேர் வெட்டின கல்லு இல்லையே?"

"உங்க வரைபடம் சண்டைக்கு முந்தினது, ஐயா."

பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாத நான் அப்படிச் சொன்னேன். அவர் வரைபடத்தின் மூலையில் இருந்த வருஷத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு பாரத்தை எடுத்து நிரப்பி என் பக்கம் தள்ளினார்.

"சாட்சிக் கையெழுத்துப் போடு. ரங்கூன்ல அந்த ஊரை உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

இந்த வயதிலும் தாழ்ப்பாளை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஆனால் அந்த ஊருக்குள் என்னை இறக்கிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஆலைக்கு வழி சொல்வேன். கப்பல் துறையை விட்டு நகர்ந்தபோது அந்தக் கப்பல்காரர் ஊன்றுகோலையே தலைக்குமேல் தூக்கி ஆட்டினார், விழுந்துவிடப் போகிறார் என்று கூட்டம் கத்தியது. நான் கத்தவில்லை. விழமாட்டார் என்று எனக்குத் தெரியும்.