கடித்துக் கிழிந்த காலர்

என் தங்கை தையற்காரி. பள்ளிச் சீருடை தைப்பதில் கெட்டிக்காரி; வளரும் பிள்ளைகளாயிற்றே என்று மடிப்பில் நான்கு விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். வாய் மட்டும் மெஷினைவிட வேகம். அவள் பெண் அதற்கும் மேல். பதின்மூன்று வயது, ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவோம். வகுப்பில் டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்குகிறவள்.

ஒரு சாயங்காலம் ரேடியோ தன் அம்மாவின் தையல் கடை வாசலில் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அப்போது எதிர்க்கடை சைக்கிள்காரரை இரண்டு பேர் கத்தியால் குத்திவிட்டு நடந்தே போனார்கள். ஓடக்கூட இல்லை. தங்கை ஓடி வந்து மகளை உள்ளே இழுத்து ஷட்டரை இறக்கினாள்.

“நீ எதையும் பாக்கல. யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது.”

போலீஸ் கேட்டபோது பெண் அப்படியே சொன்னாள். “என் பொண்ணு சமத்துக்கா” என்று தங்கை என்னிடம் பெருமைப்பட்டாள். பயந்தவளைக் குறை சொல்ல முடியுமா? குத்தியவர்கள் அதே தெருவில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு பெண்ணின் சட்டைக் காலர் நைந்து நைந்து வர ஆரம்பித்தது. எல்லாம் பல்லால் கடித்தது. “மாடா நீ, துணியைத் திங்கிறே?” என்று திட்டிக்கொண்டே தங்கை புதுக் காலர் வைத்துக் கொடுப்பாள். ஏன் கடிக்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கூடவே அழுகையும் வருகிறது.

ஒருநாள் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன். பின்னாலிருந்து தோளைத் தொட்ட தோழியை இவள் ஸ்கேலால் அடித்து நெற்றியைக் காயப்படுத்தியிருந்தாள்.

“அதைக்கூட விடுங்க. எதைக் கேட்டாலும் தெரியாதுங்கிறா. கணக்கு கேட்டாலும் தெரியாது, சாப்பிட்டியான்னு கேட்டாலும் தெரியாது. இவ இப்படியா இருந்தா?” என்றார் டீச்சர்.

தங்கை அப்படியே மகள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா சொன்னது தப்புடி. நானும் பாத்தேன், நீயும் பாத்தே. டீச்சர்கிட்ட வேணாம், என்கிட்டயாவது சொல்லு. உள்ள என்னடி பண்ணுது?”

பெண் திறந்திருந்த கதவை ஒரு தரம் பார்த்தாள். காலர் நுனி வாய்க்குப் போனது.

“தெரியாது” என்றாள், போலீஸிடம் சொன்ன அதே குரலில்.