அவருக்காகக் குறைத்துச் சொன்ன எண்

அவள் இஸ்திரி போடுகிறவள். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை நாளெல்லாம் நின்றுகொண்டே தேய்ப்பாள். அவள் கணவர் பேருந்துகளுக்கு இருக்கை தைக்கிறவர். அவர் ரெக்சினை இழுத்துப் பிடித்து ஆணி அடித்தால் ஒரு சுருக்கம் இருக்காது. இருவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது ஒரே வாரத்தில் தெரியவந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்று தோண்ட ஆரம்பித்தால் குடும்பம் குட்டிச்சுவராகிவிடும் என்று இருவருக்குமே தெரியும். தோண்டவில்லை. அந்த மட்டில் புத்திசாலிகள்தான்.

மாத்திரையையும் ஒன்றாகவே ஆரம்பித்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அவர், தானே தைத்த மெத்தை போட்ட நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வாங்க மேடம், மிட்டாய் நேரம்" என்பார். அவள் தண்ணீர் எடுத்து வருவாள். வேதனையிலும் ஒரு விளையாட்டு.

ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. உடம்பைக் காக்கிற அணுக்களின் எண்ணிக்கை, அதுதான் அந்த சிடி4, அவளுக்குக் கிடுகிடுவென்று ஏறியிருந்தது. அவருக்கு இருந்த இடத்திலேயே நின்றது. டாக்டர் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"கிருமி நல்லா அடங்கிடுச்சு. எண்ணிக்கை சிலருக்கு மெதுவாத்தான் ஏறும், சிலருக்கு ரொம்ப ஏறாமலும் போகும். அதுக்காக மாத்திரையை விட்டுடாதீங்க. விட்டா கிருமி திரும்பத் தலைதூக்கிடும்."

மனிதர் காதில் விழுந்தது 'ஏறவில்லை' என்பது மட்டும். வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "உனக்கு எவ்வளவு?" என்றார்.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். "எனக்கும் ஏறலைங்க. அப்படியேதான் இருக்கு."

அடிப்பாவி! பொய் சொல்ல வேறு விஷயமா கிடைக்கவில்லை? ஆனால் திட்டவும் மனசு வரமாட்டேன் என்கிறது. நான் தேறிவிட்டேன், நீங்கள்தான் தேறவில்லை என்று கட்டியவரிடம் சொல்ல எந்த வாய்க்குத் துணிச்சல் வரும்? அவரும் பெருமூச்சு விட்டு, "சரி விடு, ஜோடிப் பொருத்தம்" என்று சிரித்துவிட்டார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

அடுத்த பரிசோதனைக்கு அவர் வரவில்லை. பட்டறையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றார். அவள் மட்டும் போய்வந்து, அதே பொய்யைச் சொன்னாள். மிட்டாய் நேரம் மட்டும் தவறவில்லை. கேலியும் கிண்டலுமாக அவர் முன்னைவிடக் கலகலப்பாகக்கூட இருந்தார்.

பிறகு காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. இருமல், தலைவலி. ஆள் பாதியாகிப் படுத்துவிட்டார். அவர் படுத்திருந்த ஒரு பகலில் நாற்காலி மெத்தையின் உறையைத் துவைக்கலாம் என்று அவள் ஜிப்பை இழுத்தாள். உள்ளேயிருந்து பொலபொலவென்று மாத்திரைகள் கொட்டின.

"என்னங்க இது?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் மெல்லச் சொன்னார். "எனக்கு மட்டும் ஏறலைன்னா என் உடம்புதான் சரியில்லைன்னு நினைச்சிருப்பேன். உனக்கும் ஏறலையே. அப்ப மாத்திரைதானே வெத்து? நீ நம்பிப் போட்டுட்டு இருக்கே. அதை ஏன் கெடுக்கணும்னுதான் சொல்லலை."

அவள் கொட்டிய மாத்திரைகளைக் கையில் அள்ளினாள். "பொய்ங்க. நான் சொன்னது பொய். எனக்கு முதல் தடவையே ஏறிடுச்சு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவரோ அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப வேலை செய்யுதா?" என்று கையை நீட்டினார். "குடு."

கொடுத்தாள். அவர் வாயெல்லாம் வெள்ளை படிந்த புண். தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காசநோய் மூளைவரை போய்விட்டது என்றார்கள். முதலில் அதற்கு மருந்து, கொஞ்சம் தேறியதும் பழைய மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார்கள். ஆரம்பிக்கிற நாள் வரவே இல்லை.

அவள் இன்றும் விரிப்புகளைத் தேய்க்கிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் எடுத்துக்கொள்கிறாள். போன தடவை டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "நல்லா ஏறியிருக்கும்மா, சந்தோஷம்" என்றார். அவள் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த நாற்காலிக்கு எதிரே போய் நின்று, எண்ணைச் சரியாகச் சொன்னாள்.